மரத்துப்போன கையில் போர்வை பட்டாலே எரிவது ஏன்?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் கண்ணாடி கிழித்து என் மணிக்கட்டில் நரம்பு அறுபட்டது, அறுவை சிகிச்சையில் இணைத்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் மரத்தே இருக்கின்றன. ஆனால், அதே இடத்தில் போர்வை உரசினால் தீப்பட்டதுபோல் எரிகிறது. மகள் கையைப் பிடித்தாலும் உதறிவிடுகிறேன். ‘உணர்ச்சியே இல்லை என்றால் எப்படி வலிக்கும்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். இது மனப்பிரமையா?

பதில்: இல்லை. நரம்புக் காயத்தில் மரப்பும் எரிச்சலும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. உங்கள் வீட்டாருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தொடுதலைத் தடித்த நரம்பிழைகளும், வலியையும் வெப்பத்தையும் மெல்லிய இழைகளும் தண்டுவடத்துக்குக் கொண்டுசெல்கின்றன. அறுபட்ட தடித்த இழைகளில் பல இன்னும் விரல்நுனியைச் சரியாகச் சென்று சேராததால் மரப்பு நீடிக்கிறது. காயப்பட்ட இழைகளோ யாரும் தொடாதபோதும் தாமாகவே சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த ஓயாத தாக்குதலால் தண்டுவடத்தின் வலிச் செல்கள் அளவுக்கு மீறிக் கூர்மையடைய, அவற்றை அடக்கிவைக்கும் செல்களும் வலுவிழக்க, எஞ்சிய இழைகள் கொண்டுவரும் சாதாரணத் தொடுதல்கூட வலிப்பாதைக்குள் நுழைந்துவிடுகிறது. தண்டுவடம் இப்படிக் கூர்மையடைவதை 1983-இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டினார். வலிக்கக்கூடாத தொடுதல் வலிப்பதை ‘அல்லோடினியா’ என்கிறோம்.

பரிசோதனையில் பஞ்சால் மெல்ல வருடினால் துடித்துப்போகும் சிலர், அதே இடத்தை விரலால் நிதானமாக அழுத்தினால் பொறுத்துக்கொள்வார்கள். ஆகவே, மகளிடம் வருடாமல் சற்று அழுத்திப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். அவள் கையை நீங்கள் உதறுவது அன்புக் குறைவால் அல்ல என்பதையும் அவளுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்; குழந்தைகள் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். ஆனால், வளரும் இழைகள் எல்லாமே பழைய இடத்திலேயே போய்ச் சேருவதில்லை; ஆள்காட்டி விரலைத் தொட்டால் கட்டைவிரலில் தெரிவதும் இதனால்தான். மூளை இந்தப் புதிய இணைப்புகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். கையை மூடி ஒளித்துவைத்தால் அது கற்காது. கை மறுவாழ்வுப் பயிற்சியாளரின் மேற்பார்வையில், பொறுக்கக்கூடிய மென்துணியில் தொடங்கி, கண்ணால் பார்த்தபடியே தினமும் சில முறை, சில நிமிடங்கள் தேய்த்துப் பழகி, படிப்படியாகச் சொரசொரப்பான துணிக்கு மாறுங்கள்.

வழக்கமான வலி மாத்திரைகள் இவ்வலிக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், கபாபென்டின், பிரிகாபலின் போன்றவற்றில் உங்களுக்குப் பொருத்தமானதை மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார், திடீரென நிறுத்தக்கூடாது. எரிச்சல் இருப்பதால் சூடு தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். வெந்நீரை மற்றக் கையால் சோதியுங்கள். கை வீங்கினாலோ, நிறமும் வெப்பமும் வியர்வையும் மற்றக் கையிலிருந்து மாறுபட்டாலோ, வலி நரம்பின் எல்லையைத் தாண்டிப் பரவினாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அறுவை சிகிச்சை செய்தவரிடம் உடனே காட்டுங்கள்.