மருந்தா, வெறும் மாத்திரையா? மருந்து ஆய்வில் சேருவோர் கேட்பவை

அப்பாவுக்குச் சர்க்கரை. புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரைதானாம். சர்க்கரை ஏறிவிடாதா? (கொழிஞ்சாம்பாறை)

இப்போது சாப்பிடும் மெட்ஃபார்மின் போன்ற சர்க்கரை மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். முறையான ஆய்வுகள் பெரும்பாலும் பழைய மருந்தைத் தொடரவிடும். அதற்கு மேல்தான் ஒரு பிரிவுக்குப் புது மருந்தும், இன்னொன்றுக்கு அதே நிறத்தில், அதே அளவில் மருந்தில்லாத மாத்திரையும், அதாவது பிளசீபோவும் கொடுப்பார்கள். அடுத்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை எவ்வளவைத் தாண்டினால் கூடுதல் மருந்து தருவார்கள் என்று கேளுங்கள். பல ஆய்வுகளில் இந்த வரம்பை முதலில் 270, பிறகு 240, கடைசியில் 200 மி.கி. என்று இறக்கிக்கொண்டே வருவார்கள். அந்த எண்ணைச் சொல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

பிளசீபோ மாத்திரையில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இருக்கலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். எது வந்திருக்கிறது என்று மாத்திரையை உடைத்துச் சுவைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. தெரிந்துவிட்டால் வலி, சோர்வு பற்றி அவர் சொல்வதே மாறிவிடும், ஆய்வும் கெடும். உயிருக்கு ஆபத்து என்றால் யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் ரகசியக் குறியீட்டை டாக்டர்கள் திறந்து பார்க்க வழி உண்டு. அதற்கான தொலைபேசி எண் உள்ள அட்டை அப்பாவின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். நள்ளிரவில் கோவைக்குக் கொண்டுபோனாலும் அங்குள்ளவர்கள் அதைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார்கள்.

அம்மாவுக்குத் தமிழ் பேச மட்டும்தான் தெரியும். ஆய்வில் சேரச் சம்மதப் படிவமோ தெலுங்கில். நான் படித்துச் சொன்னால் போதாதா? (நகரி)

போதாது. ஆய்வில் சேருவோரின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். ஆய்வுக்குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடனிருக்க, முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். அம்மா கைநாட்டு வைக்கலாம், சாட்சி கையெழுத்திட வேண்டும், ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். தனக்கு மருந்தே கிடைக்காமல் போகலாம் என்பதை அம்மா தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகு கைநாட்டு வைக்கட்டும்.

காசநோய்க்குப் பிளசீபோ வைத்து ஆய்வு நடத்தலாமா? (தேவிகுளம்)

சிகிச்சைக்குப் பதிலாக ஒருபோதும் கூடாது. குணப்படுத்தும் கூட்டு மருந்து கையில் இருக்கிறது. அதைக் கொடுக்காமல் விட்டால் நுரையீரல் கெடும், வீட்டிலிருப்பவர்களுக்கும் தொற்றும். நிரூபிக்கப்பட்ட சிறந்த சிகிச்சை இருந்தால் அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்கிறது மருத்துவ ஆய்வுகளுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம். விலக்கு வேண்டுமென்றால் வலுவான அறிவியல் காரணம் வேண்டும், நோயாளிக்குக் கடுமையான அல்லது மீளாத கேடு நேரவும் கூடாது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஜிடோவுடின் என்ற மருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது என்று 1994இல் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் கர்ப்பிணிகளுக்குப் பிளசீபோ கொடுத்தார்கள். அங்கே எப்படியும் அந்த மருந்து கிடைக்காது என்பது ஆய்வு நடத்தியவர்கள் சொன்ன காரணம். ஏழை நாட்டுக்காரருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம் என்பதை ஏற்கவே முடியாது.

பிளசீபோ பிரிவில் இருந்தவருக்கு நோய் முற்றினால் இழப்பீடு உண்டா? (குப்பம்)

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வுத் திட்டத்தில் சொன்ன வழக்கமான சிகிச்சை கிடைக்கக்கூடியதாக இருந்தும் கொடுக்காமல் விட்டதால் பாதிப்பு வந்தால் உண்டு. டாக்டரிடம் வாய்மொழியாகச் சொன்னதோடு விடாமல், படிவத்தில் உள்ள நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். இந்தியாவின் மருந்து ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அந்த ஆய்வுக்குள்ள பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.