கேளுங்கள், சொல்கிறேன்: பழைய தியேட்டர்கள்

கே: சென்னையின் முதல் தியேட்டர் கெயிட்டி என்கிறார் என் மாமா. அதெல்லாம் இல்லை, தென்னிந்தியாவுக்கே முதல் கோவை வெரைட்டி ஹால்தான் என்கிறார் எங்கள் கோவை மாப்பிள்ளை. யார் சொல்வது சரி?
– வாசகி, திருவல்லிக்கேணி

ப: இருவருமே தோற்றார்கள். கெயிட்டி, வெரைட்டி ஹால் இரண்டும் 1914. அதற்கு முந்தைய வருஷமே வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் மவுண்ட் ரோடில் (இன்றைய அண்ணா சாலை) எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்துவிட்டார். மாமாவுக்கு மனம் ஆறவில்லை என்றால், கெயிட்டியைக் கட்டிய ரகுபதி வெங்கையா நம்மவர், சென்னையில் இந்தியர் ஒருவர் எழுப்பிய முதல் தியேட்டர் அதுதான் என்று சொல்லித் தேற்றுங்கள். மாப்பிள்ளையையும் விட்டுவிட வேண்டாம். வெரைட்டி ஹாலைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே வேலையை உதறிவிட்டு, புரொஜெக்டரும் கூடாரமுமாக ஊர் ஊராகப் படம் காட்டிய மனிதர்.

எலெக்ட்ரிக் தியேட்டர் அதிக நாள் ஓடவில்லை. 1915-இல் தபால் துறை கட்டடத்தை வாங்கிக்கொண்டது. அதனால்தான் தப்பித்தது! அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை சேகரிப்போருக்கான பிரிவு இயங்கும் கட்டடம் அதுதான். கெயிட்டியை இடித்துவிட்டார்கள். வெலிங்டன், எல்பின்ஸ்டன் தியேட்டர்களும் வணிக வளாகங்களாகிவிட்டன. சினிமாக்காரர்கள் கையிலேயே இருந்திருந்தால் எலெக்ட்ரிக்கும் இந்நேரம் செருப்புக் கடையாகியிருக்கும் என்பது என் கணிப்பு. மாமாவையும் மாப்பிள்ளையையும் அங்கே அழைத்துப் போங்கள். மிச்சச் சண்டையை உள்ளே நின்று போடட்டும்.

கே: புளூ டயமண்ட் தியேட்டரில் அந்தக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் நுழைய முடிந்ததாமே?
– வாசகர், போரூர்

ப: அது இருந்தவரை நுழைய முடிந்தது. 1964-இல் ஜெமினி பக்கம் வந்த சஃபயர் வளாகத்தில் சஃபயர், புளூ டயமண்ட், எமரால்ட் என்று மூன்று அரங்குகள். புளூ டயமண்டில் மட்டும் படம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டிக்கெட் எடுத்தால் போதும், எழுந்து போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மே மாத வெயிலில் நான் போனதெல்லாம் ஏசிக்காகத்தான், படம் இலவச இணைப்பு. டார்ச் வெளிச்சத்தின் பின்னால் தடவித் தடவிப் போய் உட்காரும்போது திரையில் கொலைகாரனுக்கு விலங்கு மாட்டிக்கொண்டிருப்பார்கள். கொலை அதற்குப் பிறகுதான் நடக்கும். இதில் ஒரு சௌகரியம் உண்டு: யாரையும் சந்தேகப்பட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ளாமல், அந்த ஆள் எவ்வளவு அழகாக நல்லவன் போல நடிக்கிறான் என்று ரசிக்கலாம். பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை விடாமல் இருந்தால்.

கே: எப்போதும் மவுண்ட் ரோடு புராணம்தானா? எங்கள் பக்கம் தியேட்டரே இருந்ததில்லையா?
– வாசகர், சௌகார்பேட்டை

ப: கோபம் நியாயமானது. மின்ட் தெரு கிரௌன் தியேட்டரும் வெங்கையா கட்டியதுதான். உங்கள் பக்கம் இருந்த கினிமா சென்ட்ரலின் பெருமையோ மவுண்ட் ரோடு தியேட்டர் எதற்கும் கிடையாது. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று அங்கேதான் வெளியானது. பின்னாளில் முருகன் தியேட்டர் என்று பெயர் மாறியது. அந்தப் படத்தில் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். பல மொழிகள் புழங்கும் சௌகார்பேட்டைக்காரரான உங்களுக்கு இது விசித்திரமாகவே படாது.