ஹூக்கு மாட்டாத ஆளும் அரிஸ்டாட்டிலும்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் ஒரு கட்டுமான சைட்ல சேஃப்டி கோஆர்டினேட்டரா இருக்கேன், வயசு 26. போன மாசம் ஒரு அண்ணன் உயரத்துல வேலை செய்யறப்ப ஹார்னஸ் (பாதுகாப்பு பெல்ட்) போட்டிருந்தாரு, ஆனா ஹூக்கு மாட்டல. உடனே வேலைய நிறுத்தி கீழ இறக்கிட்டேன். மறுநாள் காலைல, வேலைக்கு முன்னாடி நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு பேர் சொல்லித் திட்டினேன். (அங்க ஹூக்கு மாட்டற கயிறு, அதான் லைஃப்லைன், இன்னும் கட்டல, ஆனா அது வேற விஷயம்.) நான் சொன்னது எதுவும் பொய் இல்ல, ரூலும் அதுதான். ஆனா அன்னைலேருந்து யாரும் எங்கிட்ட நியர் மிஸ், அதாவது நூலிழையில தப்பின விபத்து, சொல்றதே இல்ல, நான் போனா பேச்சு நின்னுடுது. ரூம்மேட் "நீ நல்லவன்தான்டா, சாமர்த்தியம் பத்தல"ங்கிறான். நீங்க அரிஸ்டாட்டில் பத்தி எழுதினப்ப நடைமுறை விவேகம்னு ஒண்ணு சொன்னீங்களே, அதுவும் இந்த சாமர்த்தியமும் ஒண்ணுதானா? நல்லவனா இருந்தா மட்டும் போதாதா?

செ.

அன்புள்ள தம்பி செ.,

"அது வேற விஷயம்"னு அடைப்புக்குறிக்குள்ள போட்டீங்க பாருங்க, உங்க லெட்டர்லயே எனக்கு முக்கியமா பட்டது அந்த வரிதான். லைஃப்லைன் கட்டலன்னா அவர் ஹூக்கை எதுல மாட்டுவாரு, காத்துலயா? 3 மீட்டருக்கு மேல விழ வாய்ப்பிருக்கிற வேலைன்னா பெர்மிட் இல்லாம ஆரம்பிக்கவே கூடாதுன்னு என்னைவிட உங்களுக்கு நல்லா தெரியும், அந்த பெர்மிட்ல யாரோ ஒருத்தர் கையெழுத்து போட்டிருக்காரு, ஆனா மீட்டிங்ல தலைகுனிஞ்சு நின்னது அவர் இல்ல. கூட நின்ன அத்தனை பேருக்கும் இது தெரியும். அதான் வாய மூடிக்கிட்டாங்க.

அரிஸ்டாட்டில் சொல்ற விவேகம் இங்கதான் வருது. யார் வேணும்னாலும் கோவப்படலாம், அது ஈஸி, ஆனா சரியான ஆள்மேல, சரியான அளவுல, சரியான நேரத்துல, சரியான காரணத்துக்காக, சரியான விதத்துல கோவப்படறது எல்லாருக்கும் வராதுங்கிறாரு. உங்க நேர்மை, தைரியம் எதையும் நான் குறை சொல்லல. ஆனா கண்ணு தெரியாத பலசாலி நடந்தா விழற அடியும் பலமா இருக்கும்னு அவரே சொல்றாரு, விவேகம் இல்லாத நல்ல குணத்தைப் பத்தி. அதனால நல்லவனா இருந்தா போதாதான்னு கேட்டா, அவர் கணக்குல நல்ல குணமே அந்தப் பார்வை வந்தப்புறம்தான் முழுசாகுது.

வள்ளுவரும் தெரிந்துசெயல்வகைல இதைத்தான் போட்டு உடைக்கிறாரு (குறள் 469):

நன்றாற்ற லுள்ளுந் தவறுண்டு அவரவர்
பண்பறிந் தாற்றாக் கடை.

நல்லது செய்யறதுலயும் தப்பு உண்டாம், எதிர்ல இருக்கிற ஆளோட தன்மை தெரியாம செஞ்சா. ராஜாவுக்குச் சொன்னது, சேஃப்டி ஆளுக்கும் பொருந்துது.

ரூம்மேட் சொல்ற சாமர்த்தியம் வேற. அதையும் அரிஸ்டாட்டில் தனியாவே பேசறாரு, வச்ச குறிய அடையத் தெரிஞ்ச திறமை அது, குறி நல்லதா இருந்தா பாராட்டலாம், கெட்டதா இருந்தா வெறும் தில்லாலங்கடி. உங்க சைட்லயே ஒருத்தர் இருப்பாரு பாருங்க, இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னைக்கு மட்டும் எல்லாம் பளபளன்னு இருக்க வைக்கிறவரு. அவர்கிட்ட சாமர்த்தியம் கொட்டிக் கிடக்கும். விவேகம்னு அதை சொல்ல முடியாது.

விவேகம்னா அட்ஜஸ்ட் பண்ணிப் போறதான்னு உங்களுக்கு ஒரு பயம் இருக்கும்னு நினைக்கிறேன். இல்ல. கொலை, திருட்டு மாதிரி சிலதுக்கு சரியான அளவு, சரியான நேரம்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு அரிஸ்டாட்டிலே தெளிவா சொல்லிட்டாரு. உயரத்துல ஹூக்கு இல்லாம நிக்கிறதையும் நான் அந்தப் பக்கம்தான் வைப்பேன். நீங்க உடனே கீழ இறக்கினது நூத்துக்கு நூறு சரி, அங்க யோசிச்சுக்கிட்டு நின்னிருந்தா அதுதான் முட்டாள்தனம். யோசிக்க ஒரு ராத்திரி முழுக்க டைம் இருந்துச்சே, மறுநாள் மீட்டிங்குக்கு முன்னாடி, அங்கதான் கோட்டை விட்டீங்க. அவரைத் தனியா கூப்பிட்டு "ஏண்ணே மாட்டல?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா லைஃப்லைன் கதை அப்பவே வெளிய வந்திருக்கும், திட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்.

26 வயசுல இது வரலன்னு ரொம்ப வருத்தப்படாதீங்க. சின்ன வயசுலயே ஜியோமெட்ரில, கணக்குல கெட்டிக்காரனா ஆயிடலாம், விவேகியா ஆக முடியாது, ஏன்னா அதுக்கு தனித்தனி சம்பவங்களப் பார்த்துப் பழகணும், பழக நாளாகும்ங்கிறாரு அரிஸ்டாட்டில். சர்வீஸ் மட்டும் ஏறினா தானா வந்துடும்னும் இல்ல, இருபது வருஷம் ஒரே தப்பைப் பண்றவங்களும் இருக்காங்க.

இப்ப என்ன செய்யலாம்? முதல்ல லைஃப்லைன் கட்டச் சொல்லுங்க, கட்டற வரைக்கும் அங்க வேலை கிடையாதுன்னு மேல இருக்கிறவங்ககிட்ட நில்லுங்க. அந்த தைரியம்தான் உங்ககிட்ட நிறைய இருக்கே. அப்புறம் அதே டூல்பாக்ஸ் மீட்டிங்ல, "அன்னைக்கு அங்க மாட்ட இடமே இல்ல, அதைப் பார்க்க வேண்டியது எங்க வேலை"ன்னு சொல்லுங்க. திட்டினது எல்லார் முன்னாடின்னா இதுவும் எல்லார் முன்னாடிதான். உடனே எல்லாரும் வந்து நியர் மிஸ் சொல்லிடுவாங்கன்னு நான் கேரண்டி தரமாட்டேன், கொஞ்ச நாள் ஆகும்.

இதெல்லாம் வர்ற அரிஸ்டாட்டிலோட நிக்கோமாகியன் எதிக்ஸ் படிக்கிறதா இருந்தா முதல்லேருந்து ஆரம்பிக்காதீங்க, வேலைக்குப் போற லாரிலயே தூங்கிடுவீங்க. 6-ஆம் புத்தகத்துக்கு நேரா போங்க, மொத்தம் 13 அத்தியாயம்தான், அதுலயும் 5, 12, 13 மட்டும் முதல்ல.

அன்புடன்,
அக்கா