கையால இழுக்கற கருவி: வாசகர் கேள்விகளும் நம்ம பதில்களும்

போன இதழ்ல சேத்துல மாட்டின வண்டியைப் பத்தி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. முக்கால்வாசி ஒரே விஷயம் தான்: எலக்ட்ரிக் விஞ்ச் (மாட்டின வண்டியை ரோப்பால இழுக்கற மோட்டார் கருவி) இல்ல, கையால இழுக்கற கருவி எது வாங்கறது, அடிபடாம எப்படி இழுக்கறது. ஒரே மாதிரி கேள்விங்களை சேர்த்துட்டேன், சிலதை சுருக்கிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, புதுசா ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கியிருக்கேன். ஒருத்தர் டிர்ஃபார் வாங்குங்கறார், ஒருத்தர் கம்-அலாங் போதும்ங்கறார், இன்னொருத்தர் ஹை-லிஃப்ட் ஜாக் இருந்தா அதுவே விஞ்ச் தான்னு சொல்றார். எதை நம்ப?
*– குழம்பிப் போன புது ஓனர்*

பதில்: மூணு பேரும் பொய் சொல்லல, ஆனா மூணும் ஒண்ணு இல்ல.

கம்-அலாங்னா சின்ன டிரம், அதுல ஒல்லியா ஒரு கேபிள், பல்லுச் சக்கரம், அதைப் பிடிச்சு நிறுத்த ரெண்டு கொக்கி. எடை கம்மி, சீட்டுக்கு அடியில கிடக்கும், விலையும் குறைவு. ஆனா கேபிள் ரெண்டு மூணு மீட்டர் தான் சுத்தும், அதுக்கப்புறம் வண்டிக்கு முட்டு கொடுத்துட்டு எல்லாத்தையும் அவுத்து மறுபடி கட்டணும். லோடு இருக்கறப்ப லூஸ் பண்றது அதைவிட பேஜார், ஒவ்வொரு பல்லா தான் விடணும், அப்ப ஒரு கொக்கி சரியா விழலேன்னா கைப்பிடி சுழண்டு மூஞ்சிக்கே வரும். விழுந்த மரத்தை நகத்த, சாயற வண்டியை ஒரு பக்கமா பிடிச்சு வெக்க இதெல்லாம் ஓகே. முழுசா இறங்கின வண்டிய வெளிய எடுக்க இதை நம்பிப் போகாதீங்க.

ஹை-லிஃப்ட் ஜாக் தூக்கறதுக்குன்னு பிறந்தது. இழுக்கவும் செய்யும், ஆனா ஒரு தடவைக்கு கம்பி நீளம் எவ்வளவோ அவ்வளவு தான், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அப்புறம் வண்டிய இன்னொரு சங்கிலில பிடிச்சு வெச்சிட்டு ஜாக்கை கீழ இறக்கி திரும்ப ஆரம்பிக்கணும், ரெண்டு சங்கிலி, பொறுமை, வெயில், எல்லாம் சேர்ந்தா சாமி வந்துரும்.

டிர்ஃபார் வகை தான் உண்மையான கை விஞ்ச். பெட்டிக்குள்ள ரெண்டு ஜோடி தாடை, ஒரு ஜோடி ரோப்பை கவ்விப் பிடிச்சிருக்கறப்ப இன்னொரு ஜோடி முன்னாடி நகர்ந்து கவ்வும், கயிறு ஏறறவன் ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பிடிக்கற மாதிரி. டிரம்மே கிடையாது, அதனால ரோப் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் நிக்காம இழுக்கலாம், அதே அளவு நிதானமா பின்னாடியும் விடலாம். குறை என்னன்னா கனம், 1600 கிலோ மாடல் மெஷின் மட்டுமே 13, 14 கிலோவுக்கு மேல வரும், ரோப் தனி. அந்த ரோப்பும் அதுக்குன்னே செஞ்ச விறைப்பான எஃகு ரோப்பா இருக்கணும், 1600 கிலோ மாடலுக்கு 11.5 மி.மீ, கடையில கிடைக்கற ஏதோ ஒரு ஒயர் ரோப்பையோ நைலான் மாதிரி சிந்தடிக் ரோப்பையோ விட்டா தாடை சரியா பிடிக்காது.

அடிக்கடி தனியா காட்டுப் பாதை, மணல்னு போறவர்னா டிர்ஃபார். வருஷத்துக்கு ரெண்டு ட்ரிப், கூட இன்னொரு வண்டி வரும்னா ஒரு நல்ல மண்வெட்டி, டிராக்‌ஷன் போர்டு (சக்கரத்துக்கு அடியில பிடிமானத்துக்குப் போடற பலகை) ரெண்டு, டயர் காத்து அளக்கற கேஜ், இதுவே போதும்னு தான் சொல்வேன். கடைக்காரருக்கு என் மேல கோவம் வரும், பரவால்ல.

கேள்வி: என் வண்டி லக்கேஜோட 2.4 டன். பாக்கெட்ல 4 டன்னு போட்ட கம்-அலாங் பார்த்தேன். தாராளமா போதும்ல?
*– கணக்குல வீக்*

பதில்: கணக்குல வீக் இல்ல, பாக்கெட் தான் உங்களை வீக் ஆக்குது. முதல்ல அந்த 4 டன் எதோட 4 டன்னு பாருங்க. நிறைய ஐட்டத்துல கேபிளை கப்பி வழியா ரெண்டு மடிப்பா போட்டா தான் அந்த நம்பர். சிலதுல அது அறுந்து போற அளவு, வேலை செய்யற அளவு இல்ல. ஒயர் ரோப்புக்கு வேலை அளவு பொதுவா அறுபடற அளவுல அஞ்சுல ஒரு பங்கு, துணி ஸ்லிங்குக்கு (சுத்திக் கட்டற பட்டை) ஏழுல ஒரு பங்குன்னு வெப்பாங்க. வேலை அளவு எழுதாத பொருளை வாங்கவே வாங்காதீங்க.

ரெண்டாவது, எவ்வளவு இழுக்கணும்ங்கறது. ராணுவ மீட்புக் கைநூல்கள்ல ஒரு பழைய கணக்கு இருக்கு. சக்கரத்தோட நடு ஹப் வரைக்கும் புதைஞ்சா வண்டி எடை அளவுக்கு விசை வேணும், மட்கார்டு வரைக்கும் போனா ரெண்டு மடங்கு, அதுக்கும் மேல கேபின் வரைக்கும்னா மூணு மடங்கு. மேட்டுல இழுத்தா அது தனி, 15 டிகிரி சரிவுக்கு எடையில கால் பங்கு, 30 டிகிரிக்கு பாதி. உங்க வண்டி மட்கார்டு வரைக்கும் போச்சுன்னா சமதளத்துலயே 4.8 டன். இப்ப பாக்கெட்டை திரும்பப் பாருங்க.

அதனால தான் மெஷினை எடுக்கறதுக்கு முன்னாடி மண்வெட்டியை எடுங்கன்னு கத்தறேன். சக்கரத்துக்கு முன்னாடி சரிவா வெட்டுங்க, அடியில டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல தொங்கற கியர் உருண்டை) மண்ணுல உக்காந்திருக்கான்னு படுத்துப் பாருங்க, உக்காந்திருந்தா அதை விடுவிங்க, ஏன்னா அதுக்குப் பேரு நங்கூரம். மணல்னா டயர் காத்தை 15, 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்க, தார் ரோடு வந்ததும் மறக்காம ஏத்துங்க. அரை மணி நேரம் தோண்டினா 4.8 டன் வேலை ஒண்ணரை டன் வேலையா மாறின கதை எனக்குத் தெரியும், தோண்டினது நான் தான், முதுகு இன்னும் ஞாபகம் வெச்சிருக்கு.

இன்னொண்ணு. எலக்ட்ரிக் விஞ்ச் வெச்சிருக்கறவன் ரிமோட்டை பிடிச்சிட்டு தள்ளி நிப்பான். கைக்கருவில நீங்க ரோப் பக்கத்துலயே நின்னாகணும், வேற வழியே இல்ல. ரோப்புல இருக்கற ஒவ்வொரு கிலோவும் உங்களுக்கு ரெண்டடி தூரத்துல இருக்கு. அந்த கிலோவை குறைக்கறது தான் பாதுகாப்பு, மத்ததெல்லாம் அப்புறம்.

கேள்வி: டோ பால்ல (டிரெய்லர் மாட்டற உருண்டை) கொக்கிய மாட்டி இழுக்கலாமா?

பதில்: கூடாது. அது உடைஞ்சா பீரங்கிக் குண்டு. சேஸில போல்ட் போட்டு மாட்டின, ரேட்டிங் இருக்கற ரெக்கவரி பாயின்ட்ல மட்டும். லாரில ஏத்தறப்ப வண்டிய கீழ கட்டறதுக்கு இருக்கற சின்ன வளையமும் வேண்டாம்.

கேள்வி: நான் போற இடம் வெட்டவெளி, மரமே கிடையாது. எதுல கட்டி இழுக்கறது? அப்புறம் கப்பி போட்டா சக்தி ரெட்டிப்பாகும்னு சொல்றாங்களே, எப்படி கட்டினாலும் ரெட்டிப்பாகுமா?
*– மணல்வெளிவாசி*

பதில்: ரெண்டாவதுக்கு முதல்ல பதில், ஏன்னா இதுல தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. கப்பி வண்டில மாட்டியிருந்து, ரோப் அதை சுத்தி திரும்ப நங்கூரத்துக்கே (மெஷினைக் கட்டி வெச்ச இடம்) வந்தா தான் ரெட்டிப்பு, உராய்வுல கொஞ்சம் போகும். மெஷின் நங்கூரத்துலயே இருக்க, கப்பியை மரத்துல கட்டி, ரோப்போட நுனி வண்டில இருந்தா திசை மாறும், அவ்வளவு தான். சக்தி ஏறாது, ஆனா அந்த மரத்து மேல விழற இழுப்பு ஏறும். ரோப் போன வழியே திரும்பி வந்தா கப்பியைப் பிடிச்சிருக்கற கட்டுக்கு ரெண்டு மடங்கு, ரெண்டு ரோப்புக்கும் நடுவுல 90 டிகிரி இருந்தா சுமார் 1.4 மடங்கு, 120 டிகிரின்னா ஒரு மடங்கு. ஒரு டன் இழுக்கறோம்னு நெனச்சுட்டு ஷேக்கிள்ல (கப்பியையும் கட்டையும் இணைக்கற U வடிவ இரும்பு வளையம்) ரெண்டு டன் ஏத்தியிருப்பீங்க.

ஆனா திசை மாத்தறதும் வீண் இல்ல. வண்டிக்கும் மரத்துக்கும் நேர்கோட்டுல நின்னு லீவர் ஆட்டறதுக்கு பதிலா, கப்பி போட்டு பக்கவாட்டுல வந்து நிக்கலாம். ஒண்ணு மட்டும், ரோப் வளைஞ்சு வர்ற அந்த முக்கோணத்துக்குள்ள யாரும் நிக்கக் கூடாது, கப்பி விடுபட்டா ரோப் அந்தப் பக்கம் தான் பாயும்.

ரெண்டு மடிப்பு போட்டா எவ்வளவு நேரம் ஆகும்னு கேப்பீங்க. டிர்ஃபார்ல லீவர் ஒரு தடவை போயிட்டு வந்தா ரோப் சுமார் 5 செ.மீ நகரும், வண்டி ரெண்டரை. வண்டி ரெண்டு மீட்டர் வரணும்னா 80 ஆட்டு. நடுவுல தண்ணி குடிங்க.

இப்ப நங்கூரம். ஸ்பேர் வீலைப் புதைக்கறது கேட்டிருப்பீங்க. இழுக்கற திசைக்கு குறுக்கா, ஒரு மீட்டர் ஆழத்துக்கு குழி, அதுல வீலை நிமித்தி வெச்சு, பின்பக்கம் ஒரு கடப்பாரையை குறுக்கா போட்டு நடு ஓட்டை வழியா ஸ்லிங்கை வெளிய எடுங்க. ஸ்லிங் வர்றதுக்கு வண்டி பக்கமா ஒரு ஒடுங்கின வாய்க்கால் சரிவா வெட்டணும். இதை விட்டுட்டு தான் முக்கால்வாசி பேர் தோத்துப் போறாங்க, வாய்க்கால் இல்லேன்னா இழுப்பு மேல்நோக்கிப் போய் வீல் முள்ளங்கி மாதிரி வெளிய வந்துரும்.

மண் கெட்டியா இருந்தா முளை அடிக்கலாம், முன்னாடி மூணு, அதுக்குப் பின்னாடி ரெண்டு, கடைசில ஒண்ணு. எல்லாம் வண்டிக்கு எதிர்ப்பக்கமா கொஞ்சம் சாய்ஞ்சிருக்கணும், முன் முளையோட தலையிலருந்து பின் முளையோட அடிக்கு கட்டணும். நல்ல மண்ணுல இந்த அமைப்பு 1.8 டன் கிட்ட தாங்கும்னு ராணுவக் கணக்கு, ஈரக் களிமண் மணல்னா பாதி.

மரம் இருக்கறவங்களுக்கு ஒரு வரி: உயிரோட இருக்கற மரம், அகலமான பட்டை ஸ்லிங், முடிஞ்ச அளவு வேர் பக்கமா தாழ்வா. ஒயர் ரோப்பை நேரா மரத்துல சுத்தி அதுலயே திரும்ப கொக்கி மாட்டினா மரமும் போச்சு ரோப்பும் போச்சு.

கேள்வி: டிர்ஃபார் லீவர்ல இருக்கற ஷியர் பின் அடிக்கடி ஒடியுது. தெரிஞ்ச மெக்கானிக் ஒரு கெட்டி போல்ட் போட்டுத் தந்தார், இப்ப ஒடியவே இல்ல. நல்லது தானே?

பதில்: ஐயோ. அந்த பின் ஒடியறது தான் அதோட வேலை. அளவுக்கு மேல லோடு ஏறினா ஒடிஞ்சு "போதும்டா"ன்னு சொல்லும், ஒடிஞ்சதுக்கு அப்புறமும் தாடை ரோப்பை விடாது, பின்னாடி விடற லீவரை வெச்சு மெதுவா இறக்கிடலாம். கெட்டி போல்ட் போட்டுட்டீங்க, இப்ப ஒடியப் போறது பின் இல்ல, வேற ஏதோ ஒண்ணு, எதுன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. கம்பெனி பின்னை வாங்கி மாத்துங்க. லீவருக்கு பைப் சொருகி நீளமாக்கறதும் இதே தப்பு தான். பின் ஒடிஞ்சா கப்பி போடுங்க, இல்லேன்னா இன்னும் தோண்டுங்க.

கேள்வி: ஹை-லிஃப்ட் ஜாக் கைப்பிடி அடிச்சு நண்பருக்கு தாடையில தையல். அதுலருந்து அதைத் தொடவே பயமா இருக்கு.

பதில்: பயம் இருக்கட்டும், நல்லது. எனக்கும் ஒரு தடவை ஆச்சு. காஞ்ச சேறு அப்பின ஜாக், இறக்கறதுக்கு மாத்திட்டு கைப்பிடியை கீழ கொண்டு வந்தேன், கம்பி ஓட்டையில விழுந்து பிடிக்கற ரெண்டு பின்ல ஒண்ணு "டக்"குனு விழுந்துச்சு, இன்னொண்ணு விழல. அந்த ஒரு சத்தம் குறையுதுன்னு மண்டைக்கு எட்டறதுக்குள்ள கைப்பிடி கையை விட்டுப் போய் தொப்பியைத் தட்டிட்டுப் போச்சு. ஒரு அங்குலம் இந்தப் பக்கம் நின்னிருந்தா இந்தப் பதிலை வேற யாராவது எழுதியிருப்பாங்க.

அதுலருந்து வேலைக்கு முன்னாடி ரெண்டு பின்னையும் தண்ணி ஊத்திக் கழுவி, ஆயில் விட்டு, சத்தம் கேட்டுப் பாத்துட்டு தான் ஆரம்பிக்கிறேன். தலை எப்பவும் கைப்பிடி சுத்தற பாதைக்கு வெளிய. ஆட்டாத நேரத்துல கைப்பிடி கம்பியோட ஒட்டி நிமிந்து இருக்கணும், தூக்கறதா இறக்கறதாங்கற லாட்சை அப்ப மட்டும் தான் மாத்தணும். கீழ அகலமா ஒரு பலகை. ஜாக்ல நிக்கற வண்டிக்கு அடியில கையோ தலையோ போகவே கூடாது. புது வண்டிகளோட பிளாஸ்டிக் பம்பர்ல இந்த ஜாக் நிக்காது, சக்கரத்தையே கொக்கி போட்டு தூக்கற அட்டாச்மென்ட் இருக்கு, அது இருந்தா எடுங்க, இல்லேன்னா இந்த ஜாக்கே உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: நான் 52 கிலோ. தனியா வண்டி ஓட்டிட்டுப் போறவ. இதெல்லாம் என்னால முடியுமா, இல்ல ஆம்பளைங்க சமாசாரமா?
*– ஒரு வாசகி*

பதில்: முடியும்மா. லீவர் உங்க எடையைக் கேக்கறதில்ல, பொறுமையைத் தான் கேக்குது. கை ரொம்ப வலிச்சா அது பலம் பத்தலைங்கற அர்த்தம் இல்ல, லோடு அதிகம்னு அர்த்தம், ரெண்டு மடிப்பு போடுங்க. இதுல முரட்டு பலம் இருக்கறவங்க தான் அதிகமா உடைக்கறாங்க, பாத்திருக்கேன்.

தனியா பண்றப்ப, ரோப் லேசா விறைக்கற வரைக்கும் ஆட்டிட்டு நிறுத்துங்க. நடந்து போய் ஒவ்வொரு ஷேக்கிள், ஒவ்வொரு கொக்கி, நங்கூரம் எல்லாத்தையும் கண்ணால பாருங்க. ரோப் நடுவுல ஈரக் கோணியோ கனமான மேட்டோ போடுங்க, அறுந்தா துள்ளாம கீழ இழுக்கும். ஜெர்க் அடிச்சு இழுக்கற எலாஸ்டிக் ஸ்ட்ராப்பை டிர்ஃபாரோட சேர்க்காதீங்க, நீங்க ஆட்டற ஆட்டெல்லாம் அது நீளறதுக்கே போயிரும், அந்த நீளம் அத்தனையும் வில்லு மாதிரி காத்துட்டு இருக்கும். சரிவுன்னா ஒவ்வொரு அரை மீட்டருக்கும் சக்கரத்துக்குப் பின்னாடி கட்டை. வேடிக்கை பாக்க ஆள் வந்தா ரோப் நீளத்துல ஒண்ணரை மடங்கு தூரத்துக்கு அனுப்பிடுங்க, கூச்சப்படாம சத்தமா சொல்லுங்க.

கெட்டி லெதர் கிளவுஸ் கட்டாயம். போட்டாலும் ரோப்பை கைக்குள்ள வழுக்க விடாதீங்க, எடுத்து எடுத்து மாத்திப் பிடிங்க. ஒயர் ரோப்புல ஒரே ஒரு இழை உடைஞ்சு முள்ளு மாதிரி நீட்டிட்டு இருந்தா கண்ணுக்குத் தெரியாது, வழுக்கற உள்ளங்கைக்குத் தான் தெரியும். வீட்டுக்கு வந்து ரோப்பை நீளமா விரிச்சுப் போட்டு ஒரு பழைய துணியால துடைச்சுட்டே போங்க, துணி எங்க மாட்டுதோ அங்க நிறுத்திப் பாருங்க. நெளிஞ்சு முறுக்கு விட்ட இடம், தட்டையான இடம், கூடு மாதிரி உப்பின இடம் இருந்தா அந்த ரோப் அதோட ரிட்டையர், தோட்டத்துல கொடி கட்ட வெச்சுக்கோங்க.