வாசகர் கேள்வி–பதில்: புதியவரிடம் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கிறிஸ்தவ விசுவாசத்தை அறிய விரும்பும் நண்பர் ஒருவருக்கு வாரந்தோறும் வேதத்தைக் கற்றுக்கொடுக்கிறேன். படைப்பு, திரித்துவம், முன்குறித்தல் (இரட்சிக்கப்படுவோரைத் தேவன் முன்னரே தெரிந்துகொண்டார் என்ற போதனை), கடைசிக்காலம் என்று வரிசையாக விளக்கியும் அவர் குழம்பியே போகிறார். எளிமையாகச் சொல்லப்போய்ச் சத்தியத்தைக் குறைத்துவிடுவேனோ என்றும் அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே, ஆனால் எதைப் பிறகு சொல்லலாம், எதை விடவே கூடாது என்பது தெளிவாக இருந்தால் அந்த அச்சத்துக்கு இடமிராது. கிறிஸ்து வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பதையே, தாம் கொரிந்தியருக்கு முதன்மையாக ஒப்புவித்த செய்தி என்று பவுல் குறிப்பிடுகிறார் (1 கொரிந்தியர் 15:3, 4). அதே நிருபத்தில் விவாகம், கர்த்தருடைய பந்தி, ஆவியின் வரங்கள் ஆகியவற்றைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருப்பது உண்மையே; ஆனால் அவை ஏற்கெனவே விசுவாசித்துச் சபையாகக் கூடிவந்தவர்களுக்கு எழுதப்பட்டவை. நீங்கள் வகுத்திருக்கும் பாடத்திட்டம், ஞானஸ்நானம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கே சற்றுப் பாரமானதுதான்.

எத்தியோப்பிய மந்திரியைப் பிலிப்பு சந்தித்த நிகழ்ச்சியை (அப்போஸ்தலர் 8) மறுபடியும் வாசித்துப் பாருங்கள். பிலிப்பு முதலில் போதிக்கவில்லை. வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்டார். தீர்க்கதரிசி யாரைக் குறித்து இப்படிச் சொல்கிறார் என்று மந்திரி கேட்டதும், அவர் கையிலிருந்த ஏசாயாவின் அந்தப் பகுதியிலேயே தொடங்கி இயேசுவை அறிவித்தார். கேட்பவர் நிற்கும் இடத்திலிருந்து இயேசுவிடம் செல்லும் வழி இது. பாடவரிசையை முடித்தாக வேண்டும் என்ற அவசரம் அதில் இல்லை.

ஆகவே வரிசையை நிறுத்திவிட்டு, நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியதான மாற்குவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16 அதிகாரங்களே. ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியை இருவரும் சேர்ந்து வாசித்து, இயேசு இங்கே என்ன செய்கிறார், இதைச் செய்கிறவர் யாராக இருக்கக்கூடும் என்று மட்டும் கேளுங்கள். காற்றும் கடலும் கீழ்ப்படிந்தபோது சீஷர்களே இவர் யாரோ என்றுதான் வியக்கிறார்கள் (4:41). நீர் கிறிஸ்து என்ற பேதுருவின் அறிக்கை 8-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் உங்கள் நண்பருக்கும் கிடைக்கட்டும். (சிறிது நேரம் மௌனம் நிலவினாலே விடையை நாமே சொல்லிவிடுவது, போதித்துப் பழகியவர்களை எளிதில் விடாத வியாதி.)

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாவத்தையும் மனந்திரும்புதலையும் சிலுவையையும் ஒதுக்கிவிட்டு, இயேசுவிடம் வந்தால் கஷ்டங்கள் தீரும் என்று மட்டும் சொல்வதை எளிமை என்று கருதக்கூடாது. அது வேறொரு செய்தி. பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் இரட்சிக்கப்படுவதற்கு என்ன செய்யவேண்டும் என்று பவுலிடமும் சீலாவிடமும் கேட்டபோது, கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி என்று ஒரே வாக்கியத்தில் பதில் கிடைத்தது. ஆனால் அடுத்த வசனமே, அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கர்த்தருடைய வசனம் போதிக்கப்பட்டதையும் சொல்கிறது (அப்போஸ்தலர் 16:30–32).

கேள்வி: அவர் கேட்பதற்கு எனக்கு விடை தெரியாவிட்டால்?

பதில்: தெரியாது என்று சொல்லிவிட்டு, உங்கள் போதகரிடம் கேட்டு அடுத்த வாரம் பதிலோடு வாருங்கள். இயேசுவால் பார்வை பெற்ற மனிதன் பரிசேயரிடம், தான் குருடனாயிருந்ததும் இப்போது காண்பதும் மட்டுமே தனக்குத் தெரியும் என்றான் (யோவான் 9:25). அந்தச் சாட்சியை அவர்களால் மறுக்க முடியவில்லை. முன்குறித்தலைப் பற்றி நண்பரே கேட்டால் மட்டும் பேசுங்கள், அதையும் சுருக்கமாக.