பியூரெட்டில் இருப்பதை எழுது

அக்கா,
எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. இப்போது தர்மபுரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருடம் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் முதல் லேப். பள்ளியில் சார் பியூரெட்டை, சொட்டுச் சொட்டாக அளந்து விடும் அந்தக் கண்ணாடிக் குழாயை, தூக்கிக் காட்டியதோடு சரி, நான் தொட்டதே இல்லை. எப்படித் தயாராவது? எந்த கைடு வாங்கலாம்? சீனியர் ஒருத்தர் தன் பழைய லேப் ரெக்கார்டு நோட்டைத் தருகிறேன் என்கிறார், எல்லா ரீடிங்கும் அதில் இருக்கிறதாம். வாங்கிக்கொள்ளட்டுமா?
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கைடெல்லாம் வேண்டாம், காசை மிச்சம் பிடி. துறையில் கொடுக்கும் பிரொசீஜர் தாள் போதும். இங்கிலீஷ் பயமும் வேண்டாம், லேபில் புழங்குவது முப்பது நாற்பது சொல், ஒரு மாதத்தில் வாய்க்கு வந்துவிடும். தலையைப் பின்னிக்கொண்டு, துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு போ. ஆசிடைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும், தண்ணீரை ஆசிடில் ஊற்றக்கூடாது. கரைசலை உறிஞ்சி அளந்து எடுக்கும் பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சாதே, யார் உறிஞ்சினாலும் சரி, நீ உறிஞ்சுவதற்கான ரப்பர் பல்ப் கேள்.

முந்தின நாள் ராத்திரி அந்தத் தாளை எடுத்து வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்டு, உன் தமிழிலேயே நோட்டில் எழுது. பியூரெட்டையும் பிப்பெட்டையும் அதில் எடுக்கப்போகிற கரைசலாலேயே அலசச் சொல்வார்கள், கரைசலைக் கலக்கும் கூம்புக் குடுவையான கோனிக்கல் ஃபிளாஸ்க்கை மட்டும் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசினால் போதும் என்பார்கள். ஏன்? பியூரெட்டில் தங்கின தண்ணீர் கரைசலை நீர்த்துப்போக வைத்துவிடும். ஃபிளாஸ்க்கில் கரைசல் ஒட்டியிருந்தால் நீ அளந்து விட்ட 20 மில்லியோடு அதுவும் சேர்ந்துகொள்ளும், ஆனால் வெறும் தண்ணீர் இருந்தால் உள்ளே இருக்கிற பொருளின் அளவு மாறாது. இது புரிந்த பிள்ளைக்கு மனப்பாடம் எதற்கு?

அந்த ரெக்கார்டுக்கு வருகிறேன். வாங்காதே. படம் எப்படி வரைவது, அட்டவணை எப்படிப் போடுவது என்று பார்க்க வேண்டுமானால் அங்கேயே புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு. ரீடிங் இருக்கிறது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், காரணம் இருக்கிறது.

நானும் தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்தான். முதல் வருடம் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் எவ்வளவு என்று பார்க்கிற பிராக்டிகலுக்கு, அவரவர் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு வரச் சொன்னார் எங்கள் மேடம். நான் எங்கள் ஊர் போர் தண்ணீர் கொண்டு போனேன். 20 மில்லி எடுத்து, மூக்கைத் துளைக்கும் அமோனியா பஃபர் விட்டு, நிறம் காட்டும் எரியோகுரோம் பிளாக் டி துளி போட்டால் திராட்சை ரசம் மாதிரி சிவப்பாகும். பியூரெட்டிலிருந்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கரைசலை விட விட அது நீலமாக மாற வேண்டும். பக்கத்தில் நின்ற டவுன் பெண்ணுக்கு 5 மில்லியிலேயே நீலம் வந்துவிட்டது. எனக்கு 10 தாண்டியும் சிவப்பு, 15 தாண்டியும் சிவப்பு. கை நடுங்கிவிட்டது. 17.6-இல்தான் மாறியது. ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து, நோட்டில் 7.6 என்று எழுதி வைத்தேன்.

மேடம் வந்து நோட்டைப் பார்த்தார், பியூரெட்டைப் பார்த்தார். திட்டவில்லை. "உங்க ஊர்ல சோப்பு நுரைக்குமா கண்ணு?" என்றார். "நுரைக்காதுங்க மேடம்." "பருப்பு?" "வேகவே வேகாதுங்க, ஆத்தா சோடாப்பு போடுவாங்க." "அப்போ 7.6 எங்கிருந்து வந்துச்சு?"

மறுபடி செய்யச் சொன்னார். 17.5, 17.6. இ.டி.டி.ஏ.யின் செறிவு 0.01 மோலார், ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் கணக்கு, 20 மில்லித் தண்ணீரில் 17.6 மில்லிகிராம், அப்படியானால் லிட்டருக்கு 880 மில்லிகிராம். வேறு நல்ல தண்ணீரே இல்லாத ஊருக்குக்கூட 600-தான் இந்தியத் தர அளவு. எங்கள் ஆத்தா முப்பது வருடம் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாமல் அடுப்போடு மல்லுக்கட்டியதை நான் ஒரு பேனாக் கோட்டில் இல்லை என்று ஆக்கப் பார்த்தேன், அதுவும் பக்கத்துப் பெண்ணின் ரீடிங்கைப் பார்த்து.

அப்போதே, "இதனாலதான் எங்க ஊர்ல பல்லெல்லாம் காவியா இருக்குங்களா?" என்று கேட்டேன். "இல்லை, அது ஃபுளோரைடு, சொட்டு விட்டு அளக்கிற இந்த டைட்ரேஷன் அதைக் காட்டாது" என்றார். கால்சியம் ஃபுளோரைடு லேசில் கரையாது, அதனால் கால்சியம் நிறைய இருக்கும் தண்ணீரில் பொதுவாக ஃபுளோரைடு அதிகம் நிற்காது, சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீரில்கூட அது இருக்கலாம் என்று போர்டில் எழுதிக் காட்டினார். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் பல்லைப் பிடிக்கும், இன்னும் ஏறினால் எலும்பையும் பிடிக்கும். நிறமில்லை, ருசியில்லை. யாராவது அளந்தால்தான் தெரியும். நம் மாவட்டத்தில் ஊர் ஊராக அதை அளந்து, வந்த எண்ணை வந்தபடியே எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது? அவர்களும் ஏதோ ஒரு லேபில், உன் மாதிரி நடுங்கிக்கொண்டுதான் முதல் பியூரெட்டைப் பிடித்திருப்பார்கள்.

தப்பான ரீடிங் வந்தால் வரட்டும். மார்க் குறைந்தால் குறையட்டும், அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம்.

கடினத்தன்மை பிராக்டிகல் வரும்போது உன் வீட்டுப் போர் தண்ணீரையும் ஒரு பாட்டில் எடுத்துப் போ. பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடி. கேன் தண்ணீர் வேண்டாம். எத்தனை மில்லியில் நீலம் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா