தத்தெடுத்த குழந்தை விமானத்தில் ஓயாமல் அழுதால் என்ன செய்வது?

ஒன்றரை வயதுக் குழந்தை, நீண்ட பயணம், வழியெல்லாம் அழுமோ என்று கேட்கிறீர்கள். அழத்தான் செய்யும். உங்களைப் பிடிக்காமல் இல்லை. பழகிய முகம், வாசனை, குரல் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. அதனால் காப்பகத்தில் அது போர்த்திய துணியைத் துவைக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பால் பவுடரும் அங்கே கொடுத்ததே இருக்கட்டும், மாற்றுவதெல்லாம் அப்புறம்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். சப்பவோ விழுங்கவோ ஏதாவது கொடுத்தால் அடைப்பு விடும். தூக்க மருந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், சில குழந்தைகளை அது தூங்கவிடாமல் துள்ள வைத்துவிடும்.

அழாமல் வெறித்தபடி இருந்தால் சமர்த்து என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் பயமாக இருக்கலாம். சரி, தத்து ஆணையும் பாஸ்போர்ட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.